நாயின் நிறம் ஏன் மாறுகிறது? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிருக வைத்தியர் ஒருவருக்கு உதவியாளாக 11 வருடம் வேலை செய்கிறேன். விசர்நாய்த் தடுப்பூசி போடும் நாட்களில் கல்லடி, களுவாஞ்சிக்குடி, வாவிக்கு அந்தப் பக்கம் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை என்று போவோம். நாயைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் ஊசியைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "இதுட நிறம் ஏன் இப்பிடி மாறிப் போச்சு?" என்பதைத்தான் கேட்கிறார்கள். வரிசை நகர்வதற்குள் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் இல்லை இது. அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. நம்மட நாய்க்கு மூஞ்செல்லாம் வெள்ளையாப் போச்சு. இது வருத்தமா, வயசா?

பெரும்பாலும் வயசு. வயசு நரைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கீழ்த்தாடையிலும் உதட்டு ஓரத்திலும் வரும். பிறகு மூக்கின் மேற்பக்கம், அதற்குப் பிறகு கண்ணைச் சுற்றியும் புருவத்திலும். இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வரும். முடியை விலக்கிப் பார்த்தால் கீழே தோல் பழையபடி சுத்தமாக இருக்கும். சொறி, பொருக்கு, மணம் ஒன்றும் இருக்காது.

என் வீட்டுக் கறுப்பிக்கு ஆறு வயதில் தாடையில் நாலைந்து வெள்ளை முடி வந்தது. இப்போது பதின்மூன்று வயது. முகம் முழுக்க வெள்ளை, நான்கு பாதங்களிலும் வெள்ளை, முதுகு இன்னும் கறுப்பு. சாப்பாடும் நித்திரையும் குறையவில்லை. இந்த ஒழுங்கை நினைவில் வைத்திருங்கள். நிறம் வேறு இடத்தில் தொடங்கினால், ஒரு பக்கம் மட்டும் மாறினால், சில கிழமைக்குள் மாறினால், தோலும் சேர்ந்து மாறினால், அப்போதுதான் வேறு காரணம் தேட வேண்டும்.

2. கறுப்பா இருந்த முடி எப்பிடி வெள்ளையாகும்? சாயம் போறதா?

வெளியே வந்துவிட்ட முடி நரைப்பதில்லை. தோலுக்குக் கீழே முடி முளைக்கும் குழிக்குள் நிறம் செய்யும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை செய்யும் நிறப்பொருளின் பெயர் மெலனின். அதில் இரண்டு வகை: ஒன்று கறுப்பும் மண்ணிறமும் தருவது, மற்றது செவலையும் மஞ்சளும் தருவது. நாய்களில் நாம் பார்க்கும் எல்லா நிறமும் இந்த இரண்டின் கலப்பும் அளவும்தான். முடி வளரும்போதே இந்த நிறம் அதற்குள் ஏற்றப்படுகிறது. முடி வளர்ந்து முடிந்ததும் கொஞ்சக்காலம் அப்படியே நின்று விழும். அதே குழியில் புது முடி முளைக்கும்.

மருதமுனையில் கைத்தறி பார்த்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். சாயம் ஏற்றிய நூல் முடிந்துபோய் வெறும் வெள்ளை நூலைப் போட்டாலும் தறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஏற்கெனவே நெய்த துணி நிறம் மாறாது, இனி நெய்வதுதான் வெள்ளையாக வரும். ஒவ்வொரு குழியிலும் நிறம் செய்யும் அணுக்களுக்கு ஒரு கையிருப்பு உண்டு. வயது போகப்போக அது குறைந்து தீர்ந்துவிடும். அதன் பிறகு அந்தக் குழியில் முளைக்கும் முடி நிறமில்லாமல் வரும். கறுப்பு முடி விழுந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கிறது, அவ்வளவுதான். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

3. கறுப்பு நாய்ட முதுகில செம்பட்டையா வருது. இது நரைக்கு முதல் படியா?

இல்லை. பெரும்பாலும் இது வெயில். கறுப்பு மெலனின் கடும் வெயிலில் சிதைந்து செம்பட்டையாகும். கல்லடிக் கடற்கரையில் மீன் வாடிகளைச் சுற்றிக் கிடக்கும் கறுப்பு நாய்களைக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாருங்கள். முதுகும் வாலும் துருப்பிடித்த நிறமாக இருக்கும். வெயில் படாத வயிறும் தொடையின் உட்பக்கமும் நல்ல கறுப்பாக இருக்கும். அந்த முடி கொட்டி மாரிகாலத்தில் புது முடி வந்தால் கறுப்பு திரும்பிவிடும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. முதுகு முடியை இரண்டு விரலால் விலக்கி அடியைப் பாருங்கள். அடி கறுப்பு, நுனி செம்பட்டை என்றால் வெயில். அடியிலிருந்தே வெள்ளை என்றால் நரை. அடியிலிருந்தே செம்பட்டையாக, முடியும் சொரசொரப்பாகக் காய்ந்து கிடந்தால் சாப்பாட்டையோ உடம்புக்குள் இருக்கும் நோயையோ யோசிக்க வேண்டும். இதை நான் அடிமுடிச் சோதனை என்று சொல்வது. காசு வேண்டாம், வெளிச்சம் மட்டும் வேண்டும்.

4. சோறு மட்டும் குடுத்தா நிறம் போகும் எண்டுறாங்களே, மெய்யா?

மெய்தான். கறுப்பு மெலனினை உடம்பு தைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. அது புரதச் சாப்பாட்டில் இருந்து வருவது. அந்த வேலையைச் செய்யும் நொதியத்துக்குச் செம்புச் சத்தும் வேண்டும். சோறும் சொதியும் மட்டுமே தின்று வளரும் கறுப்புக் குட்டி செம்பட்டையாக வளர்வதற்கு இதுதான் காரணம். ஒரு வீட்டில் இரண்டு கறுப்புக் குட்டிகளில் ஒன்று மட்டும் செம்பட்டையாக இருந்தால், மற்றது சோற்றுப் பீங்கானுக்கு முதலில் ஓடிப்போகிறதா என்று பாருங்கள் என்று சொல்வேன்.

அவித்த மீனை முள் எடுத்துவிட்டு, அல்லது ஒரு அவித்த முட்டை, எப்போதாவது கொஞ்சம் ஈரல் சேர்த்துக் கொடுத்தால் போதும். மாற்றம் உடனே தெரியாது. புது முடி முளைக்க வேண்டும், அதனால் இரண்டு மூன்று மாதம் பொறுத்திருங்கள். குடல் புழுவுக்கும் மருந்து கொடுத்துவிடுங்கள். புழு இருந்தால் கொடுக்கும் சாப்பாடு உடம்பில் பிடிக்காது. ஒரு எச்சரிக்கை: கறி மிச்சத்தில் இருக்கும் வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். நாய்க்கு வைக்கிற மீனைத் தனியாக அவியுங்கள். ஆனால் வயசு நரை எந்தச் சாப்பாட்டுக்கும் திரும்பாது.

5. குட்டியா வாங்கக்குள்ள கறுப்பு. ஆறு மாசத்தில செவலையா நிக்குது. வித்தவங்க ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. குட்டிமுடி உதிர்ந்து பெரிய நாயின் முடி வரும்போது நிறம் மாறுவது சாதாரணம். செவலை நாய்கள் பல, பிறக்கும்போது கறுப்புப் பூசியது போல இருக்கும். ஒவ்வொரு முடியின் அடி மஞ்சள், நுனி கறுப்பு. வளர வளர மஞ்சள் பகுதி கூடும். நம்மூர் நாட்டு நாய்க் குட்டிகளின் கறுத்த வாய் வெளிறுவதும் இதே சங்கதி.

சாதி நாய்களிலும் உண்டு. அல்சேஷன் குட்டி கிட்டத்தட்டக் கறுப்பாகப் பிறந்து, மாதங்கள் போகப்போகக் காலிலும் முகத்திலும் மண்ணிறம் விரியும். டால்மேஷன் வெள்ளையாகப் பிறக்கும், புள்ளி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகுதான் எழும்பும். யோக்ஷயர் டெரியரின் கறுப்பு முதுகு நீலச் சாம்பலாக மாறும். அயர்லாந்தின் கெரி புளூ டெரியர் கறுப்பாகவே பிறந்து ஒன்றரை இரண்டு வயதுக்குள் சாம்பலாகும். அதற்கும் கிழட்டுத்தனத்துக்கும் தொடர்பே இல்லை, பரம்பரையில் வரும் ஒரு மரபணுவின் வேலை. பூடில் நாய்களிலும் அந்த மரபணு இருக்கிறது. பூடில் கலப்புக் குட்டி வாங்கிக் கறுப்பு மங்குகிறதே என்று கவலைப்பட்ட மூன்று வீட்டுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

6. எத்தன வயசில நரைக்கும்? பக்கத்து வீட்டு நாய்க்கு மூணு வயசிலயே வந்திட்டு.

பல நாய்களுக்கு ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் தாடையில் தொடங்கும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்குள்ளேயே இரண்டு மூன்று வருட வித்தியாசம் வரலாம். வெள்ளை, இளமஞ்சள் நாய்களுக்கும் நரைக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தாடியை வைத்து வயது சொல்ல முடியாது. ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் எல்லாம் முளைத்துவிடும். அந்த வயதுவரைதான் பல்லைப் பார்த்து ஓரளவு சரியாகச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்வது எல்லாம் மதிப்பீடு.

மூன்று வயதில் வந்தால் பெரும்பாலும் பரம்பரை. ஆனால் இன்னொன்றும் உண்டு. 2016 இல் அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையான 400 நாய்களைப் பார்த்து ஒரு ஆய்வு வெளியானது. பதற்றமும் அவசரக் குணமும் உள்ள நாய்களுக்கும், பெரிய சத்தத்துக்கும் அந்நியருக்கும் பயப்படும் நாய்களுக்கும் முகத்தில் நரை கூடுதலாக இருந்தது. பயத்தால்தான் நரைத்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன என்றுதான் காட்டியது. என்றாலும் இளம் நாய் நரைத்திருந்தால் வீட்டுக்காரரிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "பகல் முழுக்கக் கட்டித்தான் வச்சிருக்கீங்களா?" அநேகமாக ஓம் என்ற பதில்தான் வரும். சங்கிலியைக் கழற்றிவிட இந்த ஒரு ஆய்வு போதாது என்றாலும், கழற்றிவிட வேறு ஆயிரம் காரணம் இருக்கிறது.

7. சுனாமிக்குப் பிறகு எங்கட நாய் ஒரே ராவில வெளுத்திட்டு எண்டு அம்மா சொல்லுவா. அப்பிடி நடக்குமா?

இந்தக் கேள்வியை நாவலடிப் பக்கம் இருந்து வந்த ஒரு தங்கச்சி கேட்டா. நான் உடனே பதில் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ நாய்கள் வீட்டுக்காரர் இல்லாத வளவுகளைச் சுற்றிக் கிடந்ததை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

ஒரே இரவில் நடக்காது. இரண்டாம் கேள்வியில் சொன்னது போல, வெளியே வந்த முடியின் நிறத்தை உடம்பு திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அம்மா சொன்னது முழுக்கப் பிழை என்றும் சொல்ல மாட்டேன். கடும் அதிர்ச்சிக்கும் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் பிறகு, பல முடிகள் ஒன்றாக வளர்ச்சியை நிறுத்தி, சில கிழமை கழித்து ஒன்றாகக் கொட்டும். கறுப்பு முடி கொட்டினால் அதற்குள் மறைந்து கிடந்த நரை வெளியே தெரியும், கீழே இருக்கும் வெளிறிய அடிமுடியும் தெரியும். அந்த நாட்களில் யார் நாயின் முகத்தை உற்றுப் பார்த்தார்கள்? எல்லாம் கொஞ்சம் ஆறிய பிறகு ஒரு நாள் பார்த்தபோது வெள்ளையாக இருந்திருக்கும். மனதுக்கு அது ஒரே இரவுதான்.

அதிர்ச்சிக்கும் நரைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்கு ஆதாரமும் உண்டு. 2020 இல் ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் அதைக் காட்டினார்கள். கடும் நெருக்கடியில் தோலில் உள்ள நரம்புகள் நோர்அட்ரினலினைச் சுரக்கின்றன. அது முடிக் குழியில் இருக்கும் நிறக் கையிருப்பை ஒரேயடியாகச் செலவழிக்க வைக்கிறது. அடுத்து வரும் முடிக்கு ஒன்றும் மிஞ்சாது. எலியில் கண்டது நாயிலும் அப்படியே நடக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் தங்கச்சியிடம் நான் சொன்னது இதைத்தான்: அம்மா கண்டது உண்மை, நேரக் கணக்கு மட்டும் வேறு.

8. வயித்துப் பக்கம் தோல் கறுத்து, முடியும் கொட்டுது. பழைய எஞ்சின் ஒயில் பூசினாச் சரி எண்டுறாங்க.

தயவுசெய்து பூசாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். எரிந்த ஒயில் தோலைப் புண்ணாக்கும். நாய் அதை நக்கும், அது வயிற்றுக்குள் போய் நஞ்சாகும். ஒயில் பூசிய குட்டிகள் சாவதைக் கண்டிருக்கிறேன். கொண்டுவந்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு பூசியவர்கள்.

முதலில், இது வயசு நரை இல்லை. இங்கே கறுப்பது தோல். நீண்ட நாள் சொறிந்து, வீங்கி, புண்பட்ட தோல் தன்னைக் காக்க நிறத்தைக் கூட்டி, ஆனைத் தோல் போலத் தடிக்கும். காரணம் சொறிப்பூச்சியாக இருக்கலாம், தெள்ளு ஒவ்வாமையாக இருக்கலாம், மாரிகாலத்து ஈரத்தில் பெருகும் ஒருவகைப் பூஞ்சையாகவும் இருக்கலாம். புளித்த மணம் வந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, அதனால் மிருக வைத்தியர் தோலைச் சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். சொறிவே இல்லாமல் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டி, வால் மொட்டையாகி, நாய் கொழுத்துச் சோம்பிக் கிடந்தால் தைரோயிட் சுரப்பி குறைவாக வேலை செய்யக்கூடும். அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, குளிசையும் இருக்கிறது.

9. மூக்கிலயும் வாயைச் சுத்தியும் திட்டுத் திட்டா வெள்ளை. வெண்குட்டமா? பிள்ளைகளுக்குத் தொத்துமா?

வெண்குட்டம் நாய்க்கும் வரும், தொத்தவே தொத்தாது. ரொட்வைலர், டோபர்மன், அல்சேஷன் நாய்களில் கூடுதலாகக் காண்கிறோம். நரையில் முடி மட்டும் வெளுக்கும். இதில் மூக்கு, உதடு, இமை ஓரத்துத் தோலும் ரோஸ் நிறமாகும். நோவு இல்லை, சொறிவு இல்லை. நாயை ஒதுக்கி வைக்க வேண்டாம், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும். தொத்தக்கூடியவை சொறியும் படர்தாமரையும்தான்.

இரண்டு விடயத்தில் மட்டும் தாமதிக்க வேண்டாம். வெள்ளையோடு கண்ணும் சிவந்து, வெளிச்சத்துக்குக் கூசினால் அன்றைக்கே காட்டுங்கள், சில நாய்களில் இது பார்வையைப் பறிக்கும் நோய். நாயின் மூக்கு நுனி சாதாரணமாகக் கட்டம் கட்டமாகச் சொரசொரப்பாக இருக்கும். அது வழுவழுப்பாகிப் பொருக்குத் தட்டினால் அதுவும் வைத்தியர் பார்க்க வேண்டியது. வெயில் அதை மோசமாக்கும்.

10. வெள்ளை நாய்க்குப் பாதமெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி இரிக்கி.

நக்குகிறது. எச்சிலிலும் கண்ணீரிலும் உள்ள ஒரு செந்நிறப் பொருள் வெள்ளை முடியில் ஊறும். பொமரேனியனின் கண்ணுக்குக் கீழே வடியும் கோடும் அதே. கழுவினால் போகாது. ஏன் நக்குகிறது என்று விரலிடுக்கில் பாருங்கள், உண்ணி இருக்கக்கூடும்.

11. கறுப்பு நாய் வைரவர்ட வாகனம். அது வெளுத்தா வீட்டுக்குக் கூடாதாமே?

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு நாயைக் கோயிலடியில் விடலாமா என்றும் கேட்டா. விட வேண்டாம் பெரியம்மா என்றேன். வைரவருக்கு வாகனம் நாய். அது நரைத்தாலும் நாய்தான். பத்து வருடம் வளவைக் காத்த சீவனைக் கோயிலடியில் விட்டால் அது அந்த வீட்டைத் தேடித்தான் வரும், வழியில் ரோட்டில் அடிபடும்.

12. நரைக்கு டை அடிச்சா என்ன?

மனிதருக்கான டையில் உள்ள இரசாயனங்கள் நாயின் தோலைச் சுட்டுவிடும். நக்கினால் வாயும் வயிறும் புண்ணாகும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். வேண்டாம்.

13. ஒப்பரேசன் செஞ்ச இடத்தில முடி வேற நிறத்தில முளைச்சிருக்கு. தையல் பிழையா?

பிழை இல்லை. காயமோ சூடோ பட்ட குழியில் நிற அணுக்கள் செத்தால் வெள்ளை முடி வரும், அது நிரந்தரம். வெறுமனே மழித்த இடத்தில் கொஞ்சம் கடும் நிறமாகவோ வெளிறியோ வந்தால், அடுத்த முறை முடி மாறும்போது பெரும்பாலும் சரியாகும். கட்டை முடி நாய்க்கு மூன்று நான்கு மாதம், நீள முடி நாய்க்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும்.

14. முகத்தோட கண்ணும் நீலம் பாரிச்சுப் போகுது. குருடாகுமா?

ஏழு எட்டு வயதுக்கு மேல் கண்வில்லை இறுகி நீலச் சாம்பல் மங்கல் தெரிவது சாதாரணம், பார்வை ஏறக்குறைய அப்படியே இருக்கும். பால் ஊற்றியது போல வெள்ளையாக இருந்தால் அது கண்புரை. தண்ணீரை அளவுக்கு மேல் குடித்து, மெலிந்து, கண்ணும் வெளுத்தால் நீரிழிவைச் சந்தேகித்துக் காட்டுங்கள்.

15. இது கிழட்டு நாய், இதுக்கு இனி ஊசி எதுக்கு? அதோட அட்டையில கறுப்பு எண்டு இரிக்கி, இப்ப அரைவாசி வெள்ளை. அட்டை செல்லுமா?

விசர்நோய்க்கு வயது வித்தியாசம் இல்லை. நரைத்த நாயும் கடிபடும், கடிக்கும். வந்தால் மருந்து இல்லை. வருடாவருடம் போட்டே ஆக வேண்டும். நடக்கக் கஷ்டப்படும் கிழட்டு நாயைச் சாக்கில் கட்டித் தூக்கி வர வேண்டாம், எங்களுக்குச் சொன்னால் வீட்டு வாசலுக்கே வந்து போடுவோம்.

அட்டை செல்லும். ஆனால் கொண்டு வாருங்கள், நிறத்தைத் திருத்தித் தருகிறேன். நாய் யாரையாவது கடித்துவிட்டால், ஊசி போட்ட நாய் இதுதானா என்று அந்த அட்டையை வைத்துத்தான் பார்ப்பார்கள். கறுப்பியின் அட்டையில் "கறுப்பு" என்பதற்குப் பக்கத்தில் "முகம், பாதம் வெள்ளை" என்று போன வருடம் என் கையாலேயே எழுதினேன்.